சித்திரையில் பார்த்த தரை

போன வாரம் மன்னார்குடியிலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்தார். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறாராம். "உங்க வீட்டுல மரத்தரை போட்டீங்களே, லேமினேட்டு, எப்படி இருக்கு? நானும் போடலாமா?" என்று கேட்டார்.

"தாராளமாகப் போடலாம், மாடியில்" என்றேன்.

"நம்ம வீட்டுக்கு மாடியே கிடையாதே!" என்றார்.

அவரிடம் அரைமணி நேரம் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பென்ஷன் வாங்கும் வயதில் நம்மில் பலர் வீட்டைக் கொஞ்சம் மாற்றி அமைக்கிறோம். பிள்ளைகள் வெளியூரிலிருந்து யோசனை சொல்கிறார்கள், பணமும் அனுப்புகிறார்கள். நான் செய்த தவறு இன்னொருவருக்குப் பயன்பட்டால் நல்லதுதானே.

திருவாரூரில் நாங்கள் இருப்பது என் மனைவியின் பிறந்த வீடு. கமலாலயத்திலிருந்து நடந்து போகிற தூரம். நான் காரைக்காலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்து சேர்ந்தோம். முன்னறையும் படுக்கையறையும் சிவப்புக் காவி போட்ட சிமெண்டுத் தரை. என் மாமனார் அறுபதுகளில் போட்டது. அப்போது இவளுக்குப் பத்து வயது இருக்கும். கொத்தனார் சிமெண்டையும் காவியையும் கலந்து தூவி, மணியாசுக் கட்டையால் தேய்த்து, பிறகு கரணையால் மணிக்கணக்கில் இழைத்ததை இவள் இன்றும் கையால் செய்து காட்டுவாள். தரை இறுகும்வரை ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்தார்களாம். அதற்கு முன்பே ஒரு ராத்திரி பூனை ஒன்று உள்ளே புகுந்து நடந்துவிட்டது. படுக்கையறை மூலையில் மூன்று காலடிகள் இன்றும் இருக்கின்றன. நாலாவது காலை எங்கே வைத்தது என்பது எங்கள் வீட்டில் நெடுநாளைய ஆராய்ச்சி.

சில வருஷங்களுக்கு முன் இவள் பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்தாள். அங்கே மட்டும் பத்து வருஷத்துக்கு முன் பளபளப்பான டைல்ஸ் ஒட்டியிருந்தோம். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஈரக் காலோடு வந்தவள் விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன். திரும்பி வந்தபோது கையில் வாக்கர். "தினமும் நடக்கணும். படுத்தே இருந்தால் காலே போய்விடும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த மார்கழியில் இவள், "தரை சில்லுன்னு இருக்குங்க, காலை வைக்கவே முடியல" என்றாள். இது வெளிநாட்டில் இருக்கும் மகன் காதில் விழுந்தது. "அப்பா, படுக்கையறைக்கு மட்டும் லேமினேட் போட்டுடலாம். மரம் மாதிரி இருக்கும், காலுக்குக் குளிராது. ஒரே நாள் வேலை. பழைய தரையை உடைக்கவும் வேண்டாம்" என்றான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் சம்மதித்துவிட்டேன். அதற்குக் காரணம் என் பள்ளிக்கூடம்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். சிறு வயதில் ஒரு பாடத்தில் 'பர்க்கே' என்ற வார்த்தை வந்தது. முசியே விளக்கினார்: பிரான்சில் வீட்டுத் தரையை மரப்பலகையால் போடுவார்கள், அதற்கு மெழுகு போட்டுத் தேய்ப்பார்கள் என்று. உடனே பின் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க வீட்டிலேயும் வெள்ளிக்கிழமை தோறும் அம்மா மெழுகுவாங்க முசியே" என்றான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவன் சொன்னது சாணம். எங்கள் வீட்டிலும் மண் தரைதான், என் அம்மாவும் சாணம் போட்டு மெழுகியவள்தான். ஆனாலும் அன்று முதல் பர்க்கே என்ற சொல் என் மனதில் ஒட்டிக்கொண்டது. எழுபது வயதுக்கு மேல், ஒரு நாள் வேலையில் அது என் வீட்டுக்கே வருகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

கடைக்குப் போவதற்கு முன் விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். குமாஸ்தா புத்தி, கோப்பு முழுமையாக இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன். லேமினேட் தரையை 1977இல் கண்டுபிடித்தவர்கள் ஸ்வீடன் நாட்டு பெர்ஸ்டார்ப் கம்பெனிக்காரர்கள். பெர்கோ என்ற பெயரில் விற்றார்கள். ஆரம்பத்தில் பலகைகளைப் பசை போட்டு ஒட்ட வேண்டியிருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான் ஒன்றோடொன்று கோர்த்து அழுத்தினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும் பலகைகள் பரவின.

ஒரு பலகையில் நாலு அடுக்கு. அடியில் பலகை வளையாமல் இருக்க ஒரு தாள் அடுக்கு. அதன் மேல் எச்.டி.எஃப். என்கிற அட்டை, அதாவது மரத்தை நாராக்கிப் பிசினோடு கலந்து சூட்டில் அழுத்தியது. அதன் மேல் மரத்தின் ரேகையை அச்சடித்த காகிதம். எல்லாவற்றுக்கும் மேலே அலுமினியம் ஆக்சைடு கலந்த மெலமைன் பூச்சு. தேய்மானத்தைத் தாங்குவது அதுதான். இதை இவளிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மரம் இல்லையா? மரத்தோட போட்டோவா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

தேர்வு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று தடிமன். 8 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் என்று கிடைக்கிறது. இரண்டாவது ஏ.சி. எண். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான ஐரோப்பிய அளவு. வீட்டுக்கு ஏ.சி.3 போதும். கடை, அலுவலகம் என்றால் ஏ.சி.4, ஏ.சி.5. நாங்கள் 8 மில்லிமீட்டரில் ஏ.சி.4 எடுத்தோம். அறை பன்னிரண்டுக்குப் பத்து, அதாவது 120 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 132 சதுர அடி வாங்கினோம். தேக்கு நிறம்.

கடைக்காரர் நல்ல மனிதர். "தரையில ஈரம் இருக்கான்னு பார்த்துட்டீங்களா சார்?" என்று அவராகவே கேட்டார். சோதிக்கும் முறையையும் சொன்னார். ஒன்றரை அடி சதுர பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், அடியில் வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் அறையில் மூன்று இடத்தில் ஒட்டி, இரண்டு நாளுக்கு மூன்று நாளாக விட்டுப் பார்த்தேன். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. தரைமேல் விரிக்கப் பாலிதீன் வேண்டுமா, ஃபோம் மட்டும் போதுமா என்று வேலைக்கு வந்த ஆசாரி கேட்டபோது, "சோதனை பண்ணியாச்சு, ஈரமே இல்லை. ஃபோம் போதும்" என்று அதிகாரமாகச் சொன்னேன்.

அது சித்திரை மாதம்.

பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல் இரண்டு நாள் அந்த அறையிலேயே வைத்திருந்தார்கள். அறையின் வெப்பத்துக்கும் காற்றுக்கும் பலகை பழக வேண்டுமாம். பிறகு ஃபோம் ஷீட் விரித்து, ஜன்னல் வெளிச்சம் வரும் திசையில் வரிசை வரிசையாகக் கோர்த்தார்கள். ஒரு வரிசையின் இணைப்புக்கு நேராக அடுத்த வரிசையின் இணைப்பு வராதபடி, செங்கல் கட்டுவதுபோல விட்டு விட்டு. சுவரைத் தொடாமல் சுற்றிலும் பத்து மில்லிமீட்டர் இடைவெளி. பலகை விரியச் சுருங்க அந்த இடம் வேண்டும். ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். தரையில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. முழுத் தரையும் பழைய தரைமேல் சும்மா மிதக்கிறது. தரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்ததால் தேக்குக் கதவின் அடியை இழைக்க வேண்டி வந்தது. நிலைப்படி அருகே உயர வித்தியாசத்தை மறைக்க ஓர் அலுமினியப் பட்டி அடித்தார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்தது. அழகாகத்தான் இருந்தது. பூனைக் காலடி மறைந்துபோனதை யாரும் பேசவில்லை.

இவள் அன்று வாக்கரோடு நான்கு அடி வைத்தாள். "டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுங்க" என்றாள். மறுநாள், "அழுத்தினா லேசா அமுங்குது" என்றாள். மிதக்கும் தரை என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன். அலுமினியப் பட்டியில் வாக்கரின் கால் இரண்டு தடவை தட்டியது. அதன் பிறகு அறையை விட்டு வருவதையே குறைத்துக்கொண்டாள். கட்டிலில் இருந்து சமையலறை வரை நடந்துகொண்டிருந்தவள், கட்டிலில் இருந்து நாற்காலி வரை என்று ஆகிவிட்டாள்.

எனக்குக் கோபம். இவ்வளவு செலவு செய்து போட்டிருக்கிறது, வேண்டுமென்றே நடக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். மகனிடமும் அப்படியே சொன்னேன். அவள் காதில் விழும்படிதான் சொன்னேன்.

வீட்டு வழக்கமும் மாறியது. வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுவது எங்களுக்குப் பழக்கம். லேமினேட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிழிந்த துணியால் துடைத்து உடனே காய விட வேண்டும். வேலை செய்யும் அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "துடைச்ச மாதிரியே இல்லீங்களே ஐயா" என்பார்.

ஐப்பசி பிறந்தது. மழை தொடங்கியது.

எங்கள் ஊரில் கோயில் ஐந்து வேலி என்றால் குளமும் ஐந்து வேலி என்று பெருமையாகச் சொல்வோம். ஊருக்குள் ஓடம்போக்கி ஓடுகிறது. சுற்றிலும் வயல். கோடையில் ஆறும் வாய்க்காலும் வறண்டு, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதே மண் ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சு மாதிரி ஊறி நிற்கும். அடைமழைக் காலத்தில் எங்கள் கொல்லைக் கிணற்றில் தண்ணீரைக் குனிந்தே மொண்டுவிடலாம். பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலச் செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை மேலே இழுக்கும். இத்தனை வருஷமாக அந்த ஈரம் சிவப்புத் தரை வழியாக வந்து, யாருக்கும் தெரியாமல் காற்றில் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் அந்தத் தரை லேசாகக் கறுத்துத் தெரியும். அதை நாங்கள் தரையின் சுபாவம் என்று நினைத்திருந்தோம். இப்போது மேலே மூடி போட்டாகிவிட்டது. ஈரம் போக வழியில்லாமல் எச்.டி.எஃப். அட்டையில் ஏறியது.

கார்த்திகை தீபத்துக்கு முன்பே சுவர் ஓரப் பலகைகளின் விளிம்பு தூக்கிக்கொண்டது. கையால் தடவினால் தெரிந்தது. அடுத்த வாரம் கண்ணுக்கே தெரிந்தது. அறையில் ஒரு புழுங்கல் வாடை. எச்.டி.எஃப். ஊறி உப்பினால் காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

காரைக்காலில் என் ஆபீசில் ஒரு தடவை நடந்தது நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் வெள்ளம் வருகிறது என்று ஒருவர் மனுப் போட்டார். மனு மேசை மேசையாக நகர்ந்து, ஆய்வுக்குப் போனது வைகாசியில். 'நேரில் பார்வையிடப்பட்டது, தண்ணீர் இல்லை' என்று குறிப்பு எழுதி வந்தது. அதைப் படித்து அன்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் இப்போது அதே குறிப்பைத்தான் என் வீட்டுக்கு எழுதியிருக்கிறேன். சோதனையில் தப்பில்லை. செய்த மாதம்தான் தப்பு. நம் பக்கத்தில் கீழ்த்தளத் தரையின் ஈரத்தைக் கார்த்திகையில் பார்க்க வேண்டும். அப்போது வேர்த்தால் லேமினேட்டை மறந்துவிடுவது நல்லது. பாலிதீன் விரித்திருந்தால் பலகை தப்பியிருக்கலாம். ஆனால் தரையில் அடைபட்ட ஈரம் சுவர் வழியாக ஏறப் பார்க்கும்.

பொங்கல் கழிந்ததும் ஆசாரியை அழைத்துப் பிரிக்கச் சொன்னேன். இந்தத் தரையின் பெரிய நன்மை அன்றுதான் தெரிந்தது. ஒட்டாததால் கழற்றுவது சுலபம். ஸ்கர்ட்டிங்கை எடுத்துவிட்டு ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கினார். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அடியில் சிவப்புத் தரை கறுத்து, ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்து இருந்தது. ஆனால் ஒரு கீறல் இல்லை. மகன் சொன்னது அந்த விஷயத்தில் சரி.

ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஃபேன் போட்டு, பத்து நாளைக்கு மேல் காய விட்டோம். உப்பைத் துடைத்து எடுத்தோம். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு, மிக லேசாகத் தேய்த்துப் பிறகு உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்தோம். அழுத்தித் துடைக்காவிட்டால் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் கவனம் வேண்டும். நிறம் மெல்லத் திரும்பியது.

அன்று சாயங்காலம் நான் திண்ணையில் இருந்தேன். உள்ளே வாக்கர் நகரும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால், இவள் மூலையில் பூனைக் காலடி பக்கத்தில் நிற்கிறாள். அங்கிருந்து திரும்பி, நிலைப்படி தாண்டி, சமையலறை வரை போனாள். நான் பேசாமல் பின்னாலேயே போனேன்.

"இங்கிருந்து நிலைப்படிக்குப் பதினோரு அடி" என்றாள். "ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து எண்ணித்தான் நடந்தேன். இடையில எங்க லேசா பள்ளம், எங்க மேடுன்னு காலுக்குத் தெரியும். நீங்க மூடினப்புறம் எங்க காலை வைக்கிறதுன்னு பயமா இருந்தது."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேனே. டொக்கு டொக்குங்குதுன்னு சொன்னேன், அமுங்குதுன்னு சொன்னேன். நீங்க மிதக்கும் தரைன்னு பாடம் எடுத்தீங்க."

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. இவள் விழுந்தது பாத்ரூம் வாசலில். நான் மாற்றியது படுக்கையறைத் தரையை. யாரும் விழாத அறைக்கு ஒரு நாளில் புதுத் தரை வந்துவிட்டது. விழுந்த இடத்தில் அந்தக் கண்ணாடி டைல்ஸ் அப்படியே இருந்தது. மறு வாரமே கொத்தனாரை வரவழைத்து அதைப் பெயர்த்தோம். சொரசொரப்பான டைல்ஸ் பதித்து, சுவரில் இரண்டு இடத்தில் கைப்பிடிக் கம்பியும் வைத்தாயிற்று. செலவு லேமினேட்டில் கால் பங்குகூட ஆகவில்லை. மார்கழிக் குளிருக்குக் கட்டிலடியில் ஒரு கோரைப்பாய். ஓரம் தடுக்காமல் இருக்க அதன் நான்கு பக்கத்தையும் டேப் போட்டு ஒட்டிவிட்டேன்.

உப்பாத பலகைகள் பாதிக்கு மேல் தேறின. அவற்றை மாடியில் உள்ள சின்ன அறையில் போட்டோம். அடியில் கான்கிரீட் தளம், அதற்குக் கீழே வெறும் காற்று. மண்ணின் ஈரம் அங்கே ஏற வழியில்லை. அந்த அறையில் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டோம். ஒரு பலகைகூட அசையவில்லை. நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறேன். மணலோடு இழுத்தால் மேல்பூச்சில் கீறல் விழும், கீறல் விழுந்தால் மெருகேற்ற முடியாது. மழைச்சாரல் வரும் ஜன்னலை மூடி வைக்கிறோம். தண்ணீர் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். சோப்புத் தண்ணீர், மெழுகு இரண்டும் கூடாது. பர்க்கேவுக்கு மெழுகு உண்டு, இதற்குக் கிடையாது; முசியேவிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

மன்னார்குடி நண்பரிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். தரை வாங்கப் போவதற்கு முன் வீட்டில் அதிகம் நடப்பவர் யார், நடக்கத் தயங்குபவர் யார் என்று பார்த்து, அவரிடம் கேளுங்கள், அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள் என்று.

"கேட்டேனே, வேண்டாங்கறா" என்றார்.

"அப்புறம் எதுக்கு எனக்குப் போன் பண்ணினீங்க?" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது இவள் சமையலறையிலிருந்து காபி எடுத்து வருகிறாள். வாக்கர் போய்க் கைத்தடி வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஒரு கையில் தடி, ஒரு கையில் டம்ளர். தளும்பிச் சிந்தினால் கவலையில்லை, கீழே சிவப்புத் தரைதான்.